வண்டியின் ஆட்டமா, கப்பலின் ஆட்டமா

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவில், ஹட் பே ஜெட்டிக்குப் பக்கத்தில், பாதாம் மரத்தடியில் நின்ற ஒரு பழைய டீசல் காருக்குள்ளிருந்து ஓர் இளைஞன் தலையை நீட்டி, "ஆன்ட்டி, இந்தச் சத்தமும் ஆட்டமும் நார்மல்தானே?" என்று கேட்டான். அவன் அந்தக் காரை வாங்க வந்தவன். கேட்கப்பட்டவள் அதை விற்க வந்தவள். காரை ஓட்டியவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கேட்கப்பட்டவள் நான்தான். ஆனால் கதைக்குள் அவளுக்குத் தமிழரசி என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. 'அவள்' என்றதும் பேனா நகர்கிறது. அவளுக்கு நடப்பதை என்னால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"டீசல் எஞ்சின் இயல்பிலேயே பெட்ரோல் எஞ்சினைவிட அதிகம் சத்தம் போடுவது. ஆகவே பழைய டீசல் கார் வாங்குவோர் முதலில்—"

டிரைவிங் ஸ்கூல் புத்தகம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்தது: "அன்று கடல் அமைதியாக இருந்தது."

பொய். கடல் அமைதியாக இருந்திருந்தால் அந்தக் காரை அவர்கள் வாங்கியே இருக்கமாட்டார்கள்.

மூன்றாவது: "தமிழரசியும் அழகையாவும் கார் வாங்குவதற்காகப் போர்ட் பிளேருக்குக் கப்பலேறினார்கள்."

இது போதும். இதற்கு மேல் அலங்காரம் செய்தால் அழகையாவுக்குப் பிடிக்காது.

3

தமிழரசியின் புருஷன் அழகையா ஹட் பே பவர் ஹவுஸில் ஆபரேட்டர். தீவுக்குக் கரண்ட் கொடுக்கும் டீசல் ஜெனரேட்டர்களின் நடுவில் ஷிப்ட் ஷிப்டாக நின்றவர்.*

(* அந்த உறுமல் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். அது நின்றால்தான் விழித்துக்கொள்வோம்.)

"எஞ்சினைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?" என்று கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டார். தமிழரசிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அலை தூக்கித் தூக்கிப் போட்டதில் அவள் குடலே வாய்க்கு வந்திருந்தது. தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டு, "போர்ட் பிளேர் வந்துருச்சாங்க?" என்று கேட்டபடி இருந்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்: "இன்னும் இல்ல. கண்ணை மூடிக்கோ."

விடிந்து இறங்கியதும் நேராகக் கார்க்காரர் வீட்டுக்குப் போனார்கள். திரும்புகிற டிக்கெட் அன்றைக்கே. அதை விட்டால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்குமோ. கார்க்காரர் பெங்காலி, ரிட்டயர்டு வாத்தியார். "ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் காடி" என்று வண்டியைப் புகழ்ந்து சாவியைக் கொடுத்தார்.

அழகையா ஸ்டார்ட் செய்தார். கியர் கம்பியின் தலை நடுங்கியது. காய்ச்சல் பார்ப்பதுபோல டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"ஆடுதுங்க."

"எது?"

"எல்லாம்தான். வண்டி, சீட்டு, அந்தா, அவர் வீட்டுச் சுவர்."

அழகையா விழுந்து விழுந்து சிரித்தார். "அடி இவளே, அது கப்பல். எறங்கிட்டோம்னு உன் காலுக்கு இன்னும் தெரியல. எனக்கும் ஆடத்தான் செய்யுது."

கப்பலில் வந்தவனுக்கு மறுநாள் முழுக்கத் தரை ஆடும். தீவில் பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாத ஊர்க்காரனாக இருந்தால் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பான். இவர்கள் தங்கள் உடம்பைச் சந்தேகப்பட்டு வண்டியை வாங்கிவிட்டார்கள்.

கார் பின்னால் வந்தது, சரக்குக் கப்பலில். கிரேன் அதை ஹட் பே ஜெட்டியில் இறக்கியபோது இருவரும் உறுதியான தரையில் பல நாள் நடந்தவர்கள். அழகையா பெருமையாக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். தமிழரசியின் வளையல்கள் கிலுகிலுவென்று அடித்துக்கொண்டன. கதவுக் கண்ணாடி கடகடத்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க, நாம இன்னும் எறங்கலையா?" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் காருக்குக் கப்பல் என்று பெயர்.

4

அழகையாவை நான் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவராக்கிக்கொண்டு போகிறேனோ? அவர் ஒரு அன்பான— இல்லை. இந்த வாக்கியம் வேண்டாம். அவர் பிடிவாதக்காரர். ஏமாந்துவிட்டேன் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மெக்கானிக் பழனியாண்டி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணதும் டக்டக்குனு கத்துறது நார்மல். டீசல் ஹை நா, டீசல்னா கத்தத்தான் செய்யும். சூடேறினா அடங்கிரும். ஆனா நிக்கிறப்ப இப்பிடி ஆளையே உலுக்குறது நார்மல் கிடையாது. எஞ்சினைத் தாங்குற ரப்பர் போச்சு. மாத்தினா கதம், அவ்வளவுதான்."

"பவர் ஹவுஸ்ல தினம் எத்தனை எஞ்சின் பாக்குறவன் நான்! எல்லாம் ஆடத்தான்யா செய்யுது."

"அதையெல்லாம் தரையில போல்ட்டு போட்டு முடுக்கி வச்சிருக்கு. அதுல ஏறி உக்காந்து அண்ணியைக் கூட்டிட்டு மார்க்கெட்டுக்கா போறீங்க?"

தமிழரசி சிரித்துவிட்டாள். அதற்காக அழகையா அன்று அவள் வைத்த மீன்குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ரப்பர் மாற்றப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்லர் பே கடற்கரைக்குப் போவார்கள். வழியில் மாடு மறித்து வண்டி நின்றால் வளையல் கிலுகிலுக்கும். அவள் கேட்பாள், "வந்துருச்சாங்க?" அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொல்வார், "இன்னும் இல்ல. கண்ணை மூடிக்கோ."

அவர் இறந்தது ஒரு—

[இதை முடிக்கப்போவதில்லை. போர்ட் பிளேர், ஆஸ்பத்திரி. கதைக்கு இவ்வளவு போதும்.]

5

அதன் பிறகு அவள் தினமும் காலையில் டீ டம்ளருடன் போய்க் காரில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துச் சாவியைத் திருப்பத் தெரியும். ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கிச் சுற்றிவந்து தன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். வளையலைக் கழற்றச் சொன்னவர்கள் உண்டு. கழற்றவில்லை. அந்த வளையல் எங்கே கிலுகிலுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மகள் சௌமியா திருச்சியிலிருந்து போன் செய்தாள். "ஏம்மா, உப்புக்காத்துல அது அப்படியே துருப்பிடிச்சு உதிர்ந்துரும். ஓடுறப்பவே யாருக்காவது குடுத்துட்டு மெயின்லேண்டுக்கு வா." சரிதான். முன்சீட்டுக்குக் கீழே தகடு ஓட்டையாகி, அதன்மேல் பலகை போட்டிருந்தது.

விற்கலாம் என்று அவள் சொன்னதும் பழனியாண்டி ரப்பரை வரவழைத்துவிட்டார். "மாட்டிரட்டுமா அண்ணி? ஆடுற வண்டியை எவன் வாங்குவான்?"

"இப்ப வேணாம் பழனியாண்டி."

"பின்ன எப்ப? வித்த பிறகா?"

அவள் ரப்பரை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மாட்டினால் வண்டி விலைபோகும். மாட்டினால் மறுநாள் காலையில் டீ டம்ளருடன் அவள் போய் உட்காருவது ஆடாத ஒரு வண்டிக்குள். அது யாருடைய வண்டியாகவும் இருக்கலாம்.

(பழனியாண்டி இதைப் படித்தால், "ஒரு ரப்பருக்கு இவ்ளோ பேச்சா?" என்பார்.)

6

வாங்க வந்தவன் பெயர் அருண்பிரசாத். இன்னும் தெற்கே வேறொரு தீவிலிருக்கும் கேம்பல் பேக்காரன், தாத்தா பட்டாளத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். கட்டி ஆறு மாதமே ஆன மனைவி பானுவுடன் போர்ட் பிளேரிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். கப்பல் ஹட் பேயில் சாமான் இறக்கி முடிப்பதற்குள் வண்டியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். பழனியாண்டி காரை ஜெட்டிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நான் பக்கத்துல நின்னா உண்மையைச் சொல்லிருவேன்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

அருண் ஸ்டார்ட் செய்தான். டக்டக்கென்று கத்தி, மெல்ல அடங்கியது. கியர் கம்பியின் தலை நடுங்கியது.

பானு இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இப்பிடி ஆடுது?"

"எங்க ஆடுது?"

"உங்களுக்குத் தெரியலையா? மரம்கூட ஆடுது."

அருண் சிரித்தான். "ஏய் பாகல், பைத்தியம், அது கப்பல்டி. ராத்திரி பூரா வாந்தி எடுத்தவளாச்சே நீ. எறங்கினாலும் உள்ள ஓடிட்டேதான் இருக்கும்."

தமிழரசி காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தன் கைகளைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத் தமிழரசிக்குத் தெரியும். அதை அவள் ஒரு முறை போர்ட் பிளேரில் ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் சிரித்திருக்கிறாள்.

அப்போதுதான் அருண் தலையை நீட்டினான். "ஆன்ட்டி, இந்தச் சத்தமும் ஆட்டமும் நார்மல்தானே?"

7

இங்கே நான் பல நாள் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் "நார்மல்தான்" என்கிறாள். அவர்கள் வாங்கிப் போகிறார்கள். கேம்பல் பே ஜெட்டியில் கார் இறங்கியதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பெயர் வைக்கிறார்கள். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிப்பதாலேயே இதன்மேல் நம்பிக்கை இல்லை. அந்தப் பையன் அழகையா இல்லை. மறுநாளே போனில் திட்டலாம்.

இன்னொன்றில் அவள் உடனே பையைத் திறந்து ரப்பரைக் கொடுத்துவிடுகிறாள். நேர்மையான முடிவு. எழுதி முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. எழுந்து போய் ரேடியோவைப் போட்டேன்.

மூன்றாவதில் விற்கவில்லை என்று சொல்லிவிட்டு— முடிக்கவில்லை. ஓட்டத் தெரியாதவள் காரை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவாள்? பழனியாண்டியோ டீக்கடையில்.

நடந்ததைச் சொல்கிறேன். தமிழரசி பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "தம்பி, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க ரெண்டு பேரும். ஆஃப் பண்ண பிறகும் எது ஆடுதோ அது கப்பல். எது நின்னுருச்சோ அது வண்டி. நீங்களே பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அருண் சாவியைத் திருப்பினான். கார் ஒரு முறை தூக்கிப்போட்டு அடங்கியது. வளையல் நின்றது. ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர்களின் குரல் கேட்டது. முன்னால் பானு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை டாஷ்போர்டில் வைத்தாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. தமிழரசியும் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் பை, பைக்குள் ரப்பர்.

எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு வருடமாக நான் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. ஆனாலும் எனக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஜெட்டியில் கப்பலின் முதல் சங்கு ஊதியது. பானு கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்புகிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. என் கை பையின் ஜிப்பில் இருக்கிறது. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. பின்சீட்டில் என் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

வந்துருச்சாங்க?