கோப்பை துடைக்கும் துணி

மூக்கர் வேலை பார்த்த விடுதியில் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மதுக்கூடத்தில் பரிமாறுகிறவர். பாட்டிலைத் திறந்ததும் தக்கையை மோந்து பார்த்து, உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். அதனால் மூக்கர். புதுச் சரக்கு எது வந்தாலும் முதல் சொட்டு அவருக்குத்தான். அவர் தலையசைத்த பிறகுதான் முதலாளியம்மா வாங்குவார். "நீங்க சொன்னா சரி" என்பார். அந்த ஒரு பேச்சில்தான் மூக்கருடைய பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூக்கு போய்விட்டது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் இறங்கும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிற்று. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்று கையை விரித்தார். மூக்கர் யாரிடமும் மூச்சு விடவில்லை. எந்தப் பாட்டில் எப்படி மணக்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தக்கையை மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், மனதில் இருப்பதை ஒப்பிப்பார். இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். ஒரு நாள் காலையில் அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய், ஓடி வந்து பார்த்தால் பாத்திரம் கரியாகிக் கிடக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து தம்பி பேப்பர் படிக்கிறார்.

"ஏன்டா, ஊரே மூக்கர் மூக்கர்னு சொல்லுது, இங்க பால் கருகறது உனக்குத் தெரியலையா?"

"சம்பளம் வாங்கற இடத்துலதான்க்கா மோந்து பார்ப்பேன்."

"அதானே. வீட்டுக்கு ஓசியில மோந்து பார்ப்பியா நீ!"

அவள் சிரித்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அவர் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

இனி அந்தத் துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பையில் துளி சோப்பு வாசம் இருந்தாலும் எப்பேர்ப்பட்ட மதுவும் பாழ். விடுதிச் சலவையில் எல்லாவற்றுக்கும் வாசனைப் பொடி போடுவார்கள். அதனால் கோப்பை துடைக்கும் துணிகளை மட்டும் மூக்கர் தன் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்த வாரம் அவருக்கு வேலை அதிகம்; ஊறப்போட்ட துணி வாளியிலேயே கிடந்தது. காலையில் அவர் தாமதமாக எழுந்து வருவதற்குள் அக்கா துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தாள்.

"வெந்நீர்தானேக்கா போட்டே?"

"கொதிக்கக் கொதிக்கப் போட்டேன். போதுமா?"

அந்த வெந்நீரில் தெருமுனைக் கடையில் புதிதாக வந்திருந்த, துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவம் ஒரு மூடி ஊற்றியதை அவள் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இருந்ததல்ல. துணி முழுக்கப் பூவாய் மணக்கிறது, மூக்கு இருக்கிறவனிடம் அதை வேறு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள். மூக்கர் துணிகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம், மதுக்கூடத்தில் விளக்குப் போடுவதற்கு முன்பே, கேப்டன் வந்தார். கப்பலை விட்டு இறங்கிப் பல வருடம் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விட்டு இறங்கவில்லை. வாராவாரம் மனைவியோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்காருகிறவர். போன வருடம் இருவருமாகச் சேர்ந்து ஒரு பழைய கோன்யாக் பிராந்தியைச் சொல்லி வரவழைத்தார்கள். ஓக் மரப் பீப்பாயில் வெகுகாலம் கிடந்து, கடைசியாகச் சில மாதம் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் இறங்கி, அந்த நிறத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்த சரக்கு. பாட்டில் வந்த வாரம்தான் அந்த அம்மாவுக்கு நோய் என்று தெரிந்தது. "குணமாகி வந்து திறக்கலாம், மூக்கரே. பத்திரமா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போன மாதம் அந்த அம்மா இறந்துவிட்டார்.

கேப்டன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையில் ஒரு பித்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தார். இத்தனை காலம் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் இருந்தது.

"அந்தப் பாட்டிலை எடுங்க. ரெண்டு கோப்பை."

மூக்கர் வாய் குறுகிய கோப்பைகள் இரண்டை எடுத்து, பையிலிருந்த துணியால் உள்ளும் புறமும் நிதானமாகத் துடைத்தார். தக்கையைத் திருகாமல் மெல்ல அசைத்து எடுத்தார். மோந்தார். கண்ணை மூடினார்.

"அருமையா வந்திருக்கு சார். உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், அப்புறம் அந்த ஒயின் பீப்பாயோட சிவப்புப் பழ வாசம். கையில வெச்சுக் கொஞ்சம் சூடு ஏறட்டும். உடனே குடிக்க வேண்டாம்."

இரண்டு கோப்பையிலும் அடி மறையும் அளவுக்கு ஊற்றினார். ஒன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். கேப்டன் தன் கோப்பையை உள்ளங்கையில் தாங்கிச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோனார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு எதிரில் இருந்த கோப்பையை இழுத்து அதையும் மோந்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிருந்தது.

"மூக்கரே, இதுல வேற ஏதாவது வாசம் வருதா?"

"என்ன வாசம் சார்?"

"அவ தலையணை உறை வாசம். துணிக்கு ஊத்துவாளே, ஒரு பூ வாசம்." குரல் தாழ்ந்தது. "அவ துணியெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டேன். பீரோவைக் கழுவினேன். அந்த வாசத்தோட படுக்க முடியல. இங்க ஒரு மணி நேரம் அது இல்லாம உட்காரலாம்னு வந்தேன்."

மூக்கருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. துணி. அக்கா. கொதிக்கக் கொதிக்க. ஆனால் நாக்கு பழகிய பாதையில் ஓடியது.

"அது பீப்பாய் வாசம் சார். ஒயின் பீப்பாய்ல கிடந்த சரக்குல சில சமயம் பூ மாதிரி வரும்."

"துணி வாசம் இல்லையா? நல்லா மோந்து பாருங்க."

மூக்கர் மோந்தார். வெறும் காற்று. "இல்ல சார்."

கேப்டன் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப எனக்குத்தான் அப்படித் தோணுது" என்றார். "நேத்து மகள்கூடச் சொன்னா, வாங்கப்பா ஒரு டாக்டரைப் பார்க்கலாம்னு. குழாயைத் திறந்தா அவ நடக்கற சத்தம் கேக்குதுன்னு சொல்லியிருந்தேன். மத்தவங்க சொன்னா நம்பமாட்டேன், மூக்கரே. நீங்களே இல்லைங்கறீங்க. புத்திதான் பிசகிடுச்சு போல."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கர் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா கல்லாவுக்குப் பின்னால் நின்று, இந்தப் பக்கமே கண்ணாக இருந்தார். இப்போது வாயைத் திறந்தால் அவர் காதிலும் விழும். திறக்காவிட்டால் இந்த மனிதர் தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"சார், எனக்கு மோந்து பார்க்க வராது."

"என்னது?"

"காய்ச்சல்ல போயிடுச்சு. எதுவுமே வராது. இப்ப சொன்னதெல்லாம் மனப்பாடம். கோப்பை துடைச்ச துணியை எங்க அக்கா துவைச்சிருக்காங்க. அதுல ஏதோ ஊத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். நிச்சயமா எனக்குச் சொல்லத் தெரியல."

முதலாளியம்மா வந்தார். ஒன்றும் கேட்காமல் மூக்கரின் தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தருகே பிடித்தார். பிறகு கோப்பையை.

"துணி வாசம்தான் கேப்டன் சார். பளிச்சுன்னு அடிக்குது. மன்னிச்சுக்குங்க."

கேப்டன் மெல்ல மூச்சு விட்டார். "அப்ப நிஜமாவே இருக்கு." கொஞ்சம் கழித்து மூக்கரைப் பார்த்தார். "எனக்குப் போகமாட்டேங்குது, உங்களுக்கு வரமாட்டேங்குது. நாம ரெண்டு பேரும் மூக்கை மாத்திக்கலாம் போல." சிரிக்க முயன்றார், பாதியிலேயே விட்டுவிட்டார்.

வேறு கோப்பை கொண்டுவருவதாக முதலாளியம்மா சொன்னார். கேப்டன் வேண்டாம் என்று கையசைத்தார். பாட்டிலையும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போகும்போது காலி நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனார்.

முதலாளியம்மா கதவு மூடும்வரை காத்திருந்தார்.

"போன மாசம் அந்த வெள்ளை ஒயின் நல்லாருக்குன்னு சொன்னீங்களே, நானும் பெட்டி பெட்டியா எடுத்தேனே..."

"அதுவும் மனப்பாடம்தாம்மா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், மூக்கரே." கூப்பிட்டுவிட்ட பிறகு அந்தப் பெயர் இருவருக்குமே உறைத்தது. முதலாளியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "இப்ப வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க... வேண்டாம், நானே கூப்பிடறேன்."

மூக்கர் இரண்டு கோப்பைகளையும் தொட்டியில் கவிழ்த்தார். வெகுகாலம் மரத்துக்குள் காத்துக்கிடந்த சரக்கு ஒரு நொடியில் சாக்கடைக்குள் இறங்கியது. அது எப்படி மணந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அன்று பாடம்கூட நினைவுக்கு வரவில்லை.

துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"என்னடா, பொழுது இருக்கும்போதே வந்துட்டே? வேலை இல்லையா?"

"இல்லக்கா."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். திறந்து ஒரு துணியை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"இன்னும் அப்படியே இருக்கு பாரு. புதுசா வாசனைத் தண்ணி ஊத்தினேன், உங்கிட்ட சொல்லவே இல்ல. அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

மூக்கர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சொன்னாங்கக்கா. நல்லா மணக்குதுன்னாங்க."

"பார்த்தியா! இனிமே நானே துவைச்சுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டே, துணிகளை ஊறப்போட அவள் வாளியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.