உடன் இருந்தவர் கையொப்பம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து, ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டினார் தராசு. சோப்புத் தொழிற்சாலையில் இருபது கட்டிக்கு ஒன்றாக எடுத்து எடை பார்ப்பது அவர் வேலை; அங்கே வைத்த பெயர் அது. ஐம்பத்திரண்டு வயதில் புள்ளியியல் வகுப்பில் சேர்ந்திருந்தார். தேறினால் தரப் பரிசோதகர் ஆகலாம் என்பது வெளியே சொன்ன காரணம். வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கும் என்பது சொல்லாத காரணம்.

வீட்டுப்பாடம் எளியதுதான். நூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுத வேண்டும். தாளின் அடியில் ‘உடன் இருந்தவர் கையொப்பம்’ என்று ஒரு கோடு. மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. கோட்டைக் காலியாக விட்டார்.

பாதியில் ஓரிடத்தில் தலையாகவே விழுந்தது. மறுபடி தலை. மறுபடியும். தொடர்ந்து ஏழு தலை!

“பாத்தியா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். எதிர் நாற்காலியில் மடிக்காத துணிதான் குவிந்து கிடந்தது.

நூறையும் முடித்து மறுபடி பார்த்தபோது பயம் வந்தது. பக்கத்தில் ஆளில்லாமல் விழுந்த ஏழு தலையை யார் நம்புவார்கள்? ரப்பரை எடுத்தார். நடுத்தலையை அழித்துப் பூ ஆக்கினார். கை பழகிவிட்டது, இன்னோரிடத்தில் ஆறு பூ, வேறோரிடத்தில் ஐந்து தலை, அவற்றையும் உடைத்தார். இப்போது தாள் ஒழுங்காக, நம்பும்படி இருந்தது.

புதன்கிழமை வகுப்பில் ஆசிரியை அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், இது சுண்டினது இல்லை. உக்காந்து எழுதினது.”

“சுண்டினேன், மேடம். நூறும் சுண்டினேன்.”

“நாலுக்கு மேல ஒரே பக்கம் எங்கேயுமே வரலையே. நிஜமா சுண்டினா அஞ்சு, ஆறு, ஏழுன்னு சேர்ந்தாப்ல விழும். மனசுலேருந்து எழுதறவங்கதான் பயந்து மாத்தி மாத்திப் போடுவாங்க.”

“தராசு முள்ளு சாஞ்சிடுச்சுடோய்!” என்று பின்வரிசையில் தொழிற்சாலை ஆள் ஒருவன் சிரித்தான்.

ஆசிரியை குரலைத் தணித்தாள். “நூத்துல ரெண்டு மூணு பேருக்கு இப்படியும் வரலாம். கூட இருந்தவங்க கையெழுத்தோட வெள்ளிக்கிழமை கொண்டாங்க. இதையே ஏத்துக்கறேன். இல்லேன்னா சைபர்தான். பரிசோதகர் வேலைக்கு எழுதிக் குடுக்க முடியாது.”

அந்த வேலை கிடைக்காவிட்டால் போகட்டும். பொய்யன் என்ற பெயரோடு அந்த வகுப்பு நாற்காலியில் எப்படிப் போய் உட்காருவது?

அவருக்கு நேர் கீழ்வீட்டில் ஒரு தையல்கார அம்மாள் இருந்தாள். மூன்று வருடமாக மாடிப்படியில் ஒதுங்கி வழிவிட்டதோடு சரி, பேச்சு இல்லை. அன்று மாலை அவள் கதவைத் தட்டிவிட்டு, ‘கடவுளே, வீட்டுல இருக்கக் கூடாது’ என்று வேண்டிக்கொண்டார். சில பிரார்த்தனைகளைக் கடவுள் காதில் வாங்காததும் கருணைதான். கதவு திறந்தது.

விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“ஞாயித்துக்கிழமை என் தலைக்கு மேல டொக்கு டொக்குன்னு போட்டது நீங்கதானா? நூத்திமூணு தடவை!”

“நூறுதானே...” என்றவருக்கு நினைவு வந்தது. மூன்று முறை நாணயம் அலமாரிக்கடியில் உருண்டுபோய், திரும்பச் சுண்டியிருந்தார். “நீங்க எண்ணினீங்களா?”

“ஞாயித்துக்கிழமை எனக்கு மட்டும் யாரு இருக்கா சார்? மேல ஒரு சத்தம் கேட்டுச்சு. துணையா எண்ணிக்கிட்டே காஜா தச்சேன். குடுங்க, கையெழுத்துதானே?”

தாளை வாங்கித் தையல் மிஷின்மேல் வைத்துப் பேனாவைத் திறந்தாள். இன்னும் ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் பார்க்காமலே தன்னை நம்புகிறவளின் பேரைப் பொய்க்குக் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை.

“வேண்டாம்மா. அதுல நான் அழிச்சு மாத்தியிருக்கேன். நிஜமா ஏழு தலை விழுந்துச்சு. யாரும் நம்ப மாட்டாங்கன்னு...”

“விழுந்ததை நீங்களே அழிச்சிட்டீங்களா? நல்ல ஆளு சார் நீங்க!” பேனாவை மூடி, ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க. நான் சுண்டறேன், நீங்க எழுதுங்க. ரப்பரை மட்டும் இப்படிக் குடுத்துடுங்க.”

அவர் சட்டைப்பையில் பென்சிலோடு இருந்த ரப்பரை வாங்கி நூல்கண்டுப் பெட்டியில் போட்டு மூடினாள்.

புதுத்தாளில் எழுதிக்கொண்டே வந்தார். தலை, பூ, பூ, தலை. எழுபதைத் தாண்டியதும் பூவாகவே விழ ஆரம்பித்தது. மூன்று. நான்கு. ஐந்து. ஆறாவதும் பூ. பென்சில் தாளைத் தொடாமல் நின்றது. அவர் நிமிர்ந்தார்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன், சார். எழுதுங்க.”