வெங்காயத் தோட்டத்துக் கிணறு

பிள்ளையின் கையிலிருந்து எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. சொக்கிளேற் கரைத்ததுபோல் மண்ணிறமாக இருந்தது. டொக்டர் பஸ்மியா அதில் ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு, காற்றுப் பட விசுக்கிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. மூன்று மாதக் கயலினி கட்டிலில் கிடந்தாள், உதடும் நகமும் நீலம் பாரித்து, அழக்கூடத் தெம்பில்லாமல். தாய் ஜெயரூபி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த நீலத்தை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மூத்தவள் நிதுர்ஷா இதே நிறத்தில்தான் போனாள், குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வருகிற வழியில், ஓட்டோவுக்குள், தாயின் மடியிலேயே.

அப்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இதயத்தில் ஓட்டை இருந்திருக்கும் என்றார்கள். பிறகு காத்துக் கறுப்பு என்றார்கள். தோட்டத்துக் கிணற்றடியில் உச்சிப்பொழுதில் ஏதோ நடமாடுகிறது, அதுதான் பச்சைப்பிள்ளையில் கை வைத்தது என்று கதையை முடித்துவிட்டார்கள். ஜெயரூபியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பிள்ளை செத்த வீட்டில், காரணம் என்று எது வந்தாலும் கதிரை போட்டு இருத்தத்தான் மனம் வரும். கயலினி பிறந்ததும் இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் பொட்டு, மத்தியானத்தில் கிணற்றடிப் பக்கம் தலையே காட்டுவதில்லை. தண்ணீரிலும் அவள் குறை வைக்கவில்லை. தாய்ப்பால் போதாமல் பால்மா கரைக்க வேண்டி வந்தபோது, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தல் பாதியாய் வற்றுமட்டும் கொதிக்க வைத்தாள். மூத்தவளுக்கு ஒரு கொதியோடு இறக்கிவிட்டோமே, இவளுக்கு அந்தப் பிழை விடக்கூடாது என்று நினைத்தாள் பாவி.

பிள்ளைக்கு ஊசியில் ஏற்றிய மருந்தும் நீலமாகத்தான் இருந்தது. அதைக் கண்டு ஜெயரூபி கத்தியே விட்டாள். டொக்டர் அவளை வெளியே கூட்டிவந்தார்.

“பிள்ளைக்கு எந்தத் தண்ணியில பால் கரைக்கிறீங்க?”

“எங்கட தோட்டத்துக் கிணத்துத் தண்ணி டொக்டர். அந்தப் பக்கத்திலயே உவர் இல்லாத தண்ணி. நல்லா வத்தக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான்.”

“தோட்டத்துக்கு யூரியா போடுறீங்களா?”

“வெங்காயத்துக்கு அது போடாமல் ஏலாதே.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “மணல் நிலம் பசளையைப் பிடிச்சு வைக்காதும்மா. இறைக்கிற தண்ணியோட கீழ இறங்கி, திரும்பக் கிணத்துக்கே வந்திரும். கொதிச்சா கிருமி சாகும். இது சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். பச்சைப்பிள்ளைக்குள்ள போனா, ரத்தத்தில மூச்சுக்காத்து ஏற விடாது.”

“அப்ப என்ர மூத்த பிள்ளையும்…”

“அதை இப்ப சொல்ல ஏலாதும்மா.”

ஓம் என்றிருந்தால் விழுந்து அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பாள். இரண்டுமில்லாமல் அந்தச் சொல் அவளுக்குள்ளே போய்க் குந்திக்கொண்டது. பின்னேரம் கயலினியின் உதட்டில் சிவப்பு ஊறி வந்தது. காலை உதைத்து வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்கக் கேட்க, மற்றவள் அழாமல் போனதுதான் ஜெயரூபிக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் கோணேஸ்வரனிடம் சொன்னாள். அவன் கிணற்றுக்கட்டில் வெறும் யூரியாச் சாக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தான், வெங்காயம் கட்ட. கழுவிய தண்ணீர் கட்டின் வெடிப்பால் உள்ளே வடிந்துகொண்டிருந்தது. பொல்லாத மனிதனில்லை அவன். நாட்டில் பசளையே இல்லாமற்போன வருடம் சுண்டங்காய் அளவு வெங்காயத்தைக் கிண்டி எடுத்தவன். பசளை திரும்பக் கிடைத்ததும், ஒரு பிடி வீசுகிற இடத்தில் இரண்டு பிடி வீசினான். பயம்தான், வேறென்ன.

“இப்ப என்ன சொல்ல வாறாய்? நான்தான் என்ர பிள்ளையைக் கொண்டனான் எண்டோ?”

“நீங்கள் மண்ணுக்குப் போட்டீங்கள். நான்தானே போத்தலுக்குள்ள ஊத்தினனான்.”

அவன் சாக்கைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் போய்க் குந்தினான். கயலினிக்குக் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரில் பால் கரைந்தது. ஆனால் ஜெயரூபியால் கிணற்றைப் பார்க்க முடியவில்லை. பேய் என்றால் கழிப்புக் கழித்து அனுப்பலாம். இதை எங்கே அனுப்புவது? எட்டிப் பார்த்தால் அடிமணல் தெரிகிற தெளிவு. மணமில்லை, நிறமில்லை, வாயில் வைத்தால் இளநீர்தான். அதுதான் அவளை உலுக்கியது.

இரண்டாம் நாள் காலை, பக்கத்து வளவுச் சுலோஜனா குடத்தோடு வந்தாள். அவளுக்கும் கைப்பிள்ளை. ஜெயரூபி குசினிக்குள்ளிருந்து வெளியே வருமுன்னரே அவள் அள்ளி நிரப்பிவிட்டாள்.

“அக்கா, கயலினிக்குச் சுகமாமே? கடவுள் காப்பாத்தினது. நானும் பிள்ளைக்குப் பால்மா துவங்கீட்டன். பயப்பிடாதையுங்கோ, நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே வத்த வத்தக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான்.”

ஜெயரூபி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். சொன்னால், ஊர் கேட்கும். அப்ப மூத்தவள் எதால போனவள் என்று கேட்கும். வரம்பில் களை பிடுங்கிக்கொண்டிருந்த புருஷன் எழும்பி நின்று இவளையே பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டுகிறானா, சொல் என்கிறானா தெரியவில்லை. சுலோஜனா குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“வையடி அதை!”

ஜெயரூபி ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினாள். “இந்தத் தண்ணி வேண்டாம். என்ர நிதுர்ஷாவுக்கும் இதைத்தான் குடுத்தனான்.”

சுலோஜனா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஜெயரூபி குடத்தை அப்படியே கவிழ்த்தாள். பாத்திக்கும் கிணற்றுக்கும் நடுவில், வெள்ளை மணலில் அது கொட்டியது. சொட்டு மிஞ்சாமல் மணல் குடித்து முடித்தது. வெறுங்குடத்தோடு குனிந்தபடியே, ஜெயரூபி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அது மெல்ல மெல்லக் கீழே இறங்குவதை.