மாறாத நட்சத்திரம் ஒன்று வேண்டும்

1

இந்தக் கதையைச் செலின்தான் எனக்குக் கொடுத்தாள். ஒரு நிபந்தனை போட்டாள்: நிலாவைக் கொண்டுவரக் கூடாது. நானோ அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தேன்.

சுருளி மலைக்கு மேலே பௌர்ணமி நிலவு, வெள்ளித் தட்டாக…

"நிலா வந்தா, வானத்தப் பாக்குற எங்களுக்கு வேலை ஓடாது அத்தை. வானமே வெளுத்துப்போகும்" என்றாள். வரியை அடித்துவிட்டேன். ஆனாலும் நல்ல வரி. நீங்களாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

2

செலின், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் இன்னாசியின் மகள். வருஷம் 1999. வெளியூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கோ தொலைவில் இருக்கும் கேலக்ஸி ஒன்றின் நடுவே கருந்துளை இருக்கிறது. சுற்றிக் கிடப்பதை இழுத்து விழுங்குகிறது; உள்ளே விழுமுன் அது சூடேறி ஒளிர்கிறது. அந்தத் தீனியைப் பொறுத்து வெளிச்சம் கூடும், குறையும். (என் மருமகன் பந்தியில் உட்கார்ந்தால் முகம் மாறுமே, அதுபோல என்று எழுதினேன். செலின் வேண்டாம் என்றாள். மருமகனும்தான்.)

அந்த ஏற்ற இறக்கத்தை அளப்பதுதான் அவள் வேலை. மேகம், தூசி எல்லாம் கண்ணை ஏமாற்றும். அதனால் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் பக்கத்திலேயே மாறாத நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, அதைவிட இது எவ்வளவு பிரகாசம் என்று பார்ப்பார்கள்.* செலினின் கேலக்ஸி சில மணி நேரத்திலேயே குபீரென்று பிரகாசித்தது. அவளுடைய முதல் கட்டுரை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இடையில் இரண்டு நாள் ஊருக்கு வந்தாள்.

* 'மாறாத' என்ற சொல்லை மனதில் வையுங்கள், கண்ணுகளா.

3

வந்த அன்று தோட்டத்தில் அப்பா இன்னாசி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மழையில் பழமெல்லாம் வெடித்துப்போயிருந்தது. ஏன் முன்னமே வெட்டவில்லை என்று கேட்டாள். பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டி வெட்டவில்லையாம்.

"அவுக பந்தலைப் பாத்துத்தான தாயி நான் எப்பவும் வெட்டுறது."

வேலிக்கு அந்தப்பக்கம் சுருளியாண்டி நிமிர்ந்தார். அவர் பழமும் வெடித்திருந்தது.

"நல்லாருக்கே கதை. நான் ஒங்கப்பனையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்."

செலின் சிரித்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே

(இந்த வாக்கியத்தை முடிக்க ஐந்து தடவை பார்த்தேன். "அவள் முகம் வாடியது" என்று வருகிறது. அப்படியெல்லாம் வாடுகிற பெண் இல்லை அவள்.)

அவளும் ஒரே ஒரு நட்சத்திரத்தைத்தான் நம்பியிருந்தாள். அது மாறாது என்று யார் சொன்னது? அதுவே மங்கியிருந்தால், கேலக்ஸி சும்மா இருந்தும் பிரகாசித்ததாகத்தானே தெரியும்?

4

செலின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிறாள். படங்களெல்லாம் பேராசிரியரிடம் இருக்கின்றன. ஒரு போன் போட்டு, இன்னொரு நட்சத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். கட்டுரையும் கைவிட்டுப் போய்விடலாம்.

முதல் முடிவு: பேசுகிறாள். கேலக்ஸி போச்சு, ஆனால் அவள் நம்பிய நட்சத்திரமே யாரும் கவனிக்காத, கூடிக் குறையும் நட்சத்திரம் என்று கண்டுபிடித்த பேர் அவளுக்குக் கிடைக்கிறது.

இரண்டாம் முடிவு: பேசவில்லை. கட்டுரை வருகிறது. இன்னாசி பிரேம் போட்டு மாட்டுகிறார். அதற்குக் கீழே உட்கார்ந்து செலினால் சாப்பிட முடியவில்லை.

நிஜத்தில் என்ன நடந்ததாம்? கேட்டேன். "முடிவ நீங்களே வச்சுக்கங்க அத்தை" என்று நழுவிவிட்டாள்.

எனக்கு வேறு சந்தேகம். ஒவ்வொரு தடவை திருத்தி எழுதும்போதும் செலினுக்குத் தைரியம் கூடுகிறது. கூடுவது அவளுக்கா? இல்லை, வயதாக ஆக எனக்குக் குறைந்துகொண்டு வருவதால் அப்படித் தெரிகிறதா? அவளை என்னோடு மட்டும்தானே வைத்து அளந்துகொண்டிருக்கிறேன்.

5

ஆகவே மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். அவளுக்கும் எனக்கும் உறவில்லாத ஆள்.

ரிசீவர் செலின் கையில் இருக்கிறது. எதிர்முனையில் மணி அடிக்கிறது. பூத்துக்கு வெளியே சுருளியாண்டி நிற்கிறார். அவருக்கும் பழ மண்டிக்குப் பேச வேண்டும். கண்ணாடியைத் தட்டுகிறார்.

"பேசுறதுன்னா பேசு தாயி. இல்லைன்னா வச்சுட்டு வெளிய வா."

திரும்பிப் பார்க்காதீர்கள். மூன்றாவது ஆளே, உங்களிடம்தான் சொல்கிறார்.