கேட் சொன்ன உறவு

தம்பி வீட்டுக்குள் செய்த வசதிகளைவிட வீட்டுக்கு வெளியே செய்ததுதான் அதிகம். கேட் முகம் பார்த்துத் திறக்கும். மண் காய்ந்தால் புல்வெளியில் தண்ணீர் தானாகத் தெளிக்கும். மரத்துக்கு மரம் விளக்கு, மூலைக்கு மூலை கேமரா. எல்லாம் அவன் செல்போனுக்குள் அடக்கம். வீட்டைப் பார்க்க வந்தவர்களை உள்ளே விடாமல் தோட்டத்திலேயே நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவான். பாவம், அவர்களுக்குக் கால் கடுக்கும்.

அவனுடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அம்மா இடுப்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவாள். குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுத் தன் வீட்டு அடுப்பைப் பார்க்க ஓடுவாள். மதியம் தம்பி மனைவி வேலையிலிருந்து வரும்வரை அம்மாவுக்குக் கேமராதான் துணை. அக்காவின் முகத்தைக் கண்டதும் கேட் சத்தமில்லாமல் விலகும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பெருமைப்பட்டுக்கொள்ளட்டுமே, நமக்கென்ன நஷ்டம்.

அன்றைக்கு அம்மா வெயில் காய வேண்டும் என்றாள். அக்கா நாற்காலியைப் புல்வெளி நடுவில் நிறுத்தினாள். முதுகுக்குப் போடும் களிம்பு தீர்ந்திருந்தது. "இதோ வந்துடறேம்மா" என்று மருந்துக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். திரும்பி வந்து கேட் முன்னால் முகத்தைக் காட்டினாள். கேட் அசையவில்லை. தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டு இன்னொரு தடவை காட்டினாள்.

"வேலையாட்களுக்கான நேரம் முடிந்துவிட்டது. நாளை காலை வரவும்" என்றது தூணில் இருந்த ஸ்பீக்கர். இனிமையான பெண் குரல்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

அப்போதுதான் புல்வெளியில் தண்ணீர் கிளம்பியது. நாலு பக்கமும் சுழன்று சுழன்று அடித்தது. நடுவில் அம்மா. கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். நாற்காலியை நகர்த்தத் தெம்பில்லை. "ஏய்! யாராவது நிறுத்துங்களேன்!" என்ற குரல் கம்பிக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

அக்கா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

"மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறமா..."

"டேய்! அம்மா நனையறாடா! தண்ணியை நிறுத்து, கேட்டைத் திற!"

"ஐயோ, இரு இரு."

மரத்து விளக்குகள் எல்லாம் பட்டப்பகலில் எரிந்தன. செடிக்குள்ளிருந்து ஏதோ பாட்டு கிளம்பியது.

"டேய், பாட்டா கேட்டேன் உன்கிட்ட?"

"மாத்தி அமுக்கிட்டேன்க்கா, பதட்டத்துல..."

ஒருவழியாகக் கேட் விலகியது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அக்கா அதற்குள்ளேயே ஓடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

துவட்டும்போது அம்மாவுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. "எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"கேட் என்னை உள்ள விடலம்மா. வேலையாளுக்கு நேரம் முடிஞ்சிடுச்சாம்."

அம்மா போர்வையை இழுத்துக்கொண்டாள். "ஆமா, தினமும் நீ வரும்போது என் ரூம்ல அப்படித்தானே சொல்லுது. 'வேலையாள் வந்திருக்கிறார்'னு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

துண்டு அக்காவின் கையிலேயே நின்றது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? மரியாதையாத்தானே சொல்லுது, 'வந்திருக்கிறார்'னு. அவன் என்ன வேணும்னேவா பண்ணுவான்? மெஷின் பண்ற வேலை."

தம்பி அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தான். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதுல ரெண்டே பிரிவுதான்க்கா. ஒண்ணு குடும்பம், ஒண்ணு வேலையாள். குடும்பம்னு போட்டா பீரோ ரூம் கதவுகூடத் திறந்துக்கும். அதான் எம் பொண்டாட்டி, எதுக்குனு..."

"அவ சொன்னா. போட்டது யாரு?"

"சரி விடு. இப்பவே மாத்திடறேன், பாரு." போனை எடுத்தான்.

"மாத்தாதே" என்றாள் அக்கா. "வேலையாளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"என்னக்கா இது, சின்னப்புள்ள மாதிரி? அன்னிக்கு அம்மாவை யார் பாக்கறது?"

"குடும்பம் பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. வைராக்கியமாக இருந்தாள் என்று நினைக்காதீர்கள். போனை மடியிலேயே வைத்துக்கொண்டு, சாப்பாடு இறங்காமல், யாராவது கூப்பிட மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருந்தாள். 'நீ இல்லாம முடியலக்கா' என்று ஒரு வார்த்தை. அது போதும் அவளுக்கு. போன் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை கேட் திறந்தது. உள்ளே என்ன சொன்னது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து எம் புள்ள எனக்குத் தலை வாரி விட்டான்டி! அவ்வளவு பெரிய உத்தியோகத்துல இருக்கறவன், சீப்பைக் கையில எடுத்துட்டு வந்து நின்னான். பால்காரர்கிட்ட சொன்னேன், அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

மேலாக வாரி, அடிச்சிக்கை அப்படியே வைத்து ஒரு ரப்பர் பேண்டைப் போட்டிருந்தான். நேற்றுக் குளித்த ஈரம்கூட உள்ளே காயவில்லை. அக்கா ரப்பர் பேண்டை எடுத்தாள். நாலு முடி அதோடு வந்தது. பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"ஆ! மெதுவாடி. அவன் கை என்ன மெத்துனு இருந்துச்சு தெரியுமா?"

வலிக்காமல் இருக்க முடியை வேர்ப்பக்கம் சேர்த்து இடது கையால் பிடித்துக்கொண்டாள். "தெரியும்மா" என்றாள்.