அத்திப்பள்ளி விலாசம்

இடது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. ஆஞ்சப்பன் தொடையைக் கையால் தூக்கித் தூக்கி வைத்து நடந்தான். வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்த கால். காவிரித் தீர்ப்பை எதிர்த்துக் கர்நாடகத்தில் அன்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்த பால் வண்டிக்காரனும் சந்தாபுரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். அங்கிருந்து எல்லை வரை நடைதான்.

காலையில் விமானம் இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தான். மைத்துனன் ராஜப்பன் எடுத்தான்.

"அக்கா போயிடுச்சு மாமா. ராத்திரியே போயிடுச்சு. பொழுது எறங்கறதுக்குள்ள எடுத்துருவாங்க. ஊர்ல ஒரு வூட்லயும் அடுப்பு பத்த வைக்கல. எப்படியாச்சும் வந்துருங்க."

கெலமங்கலத்தை ஒட்டிய அந்த ஊரில் பிணம் கிடக்கும்வரை உலை ஏறாது. பிள்ளைகள் பசியில் கத்தினாலும் ஏறாது. அதனால் எவனுக்காகவும் மறுநாள்வரை வைக்க மாட்டார்கள். மனைவி சென்னம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் அவன் கிளம்பியதே. ஐந்து வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனிடம் இருந்தது ஒரே காகிதம். வேலைக்கு எடுத்த அரபு முதலாளி, அரபாப், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரவேயில்லை. தங்கும் விசா முடிந்த பிறகு ஒளிந்து ஒளிந்து வேலை செய்தான். அந்த ஊர் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்ததும் தூதரகத்தில் வரிசையில் நின்று, ஊர் திரும்ப மட்டும் உதவும் அவுட்பாஸ் வாங்கினான். அதிலும் பாஸ்போர்ட்டில் இருந்த விலாசமே, கர்நாடகத்து அத்திப்பள்ளி. பாஸ்போர்ட் எடுத்தபோது ஏஜெண்டு செய்த வேலை அது. "சென்னையில எழுதினா மாசக்கணக்குல ஆவும், பெங்களூர்னா சட்டுனு வந்துரும்" என்று சொல்லி, ஊர் ரேஷன் கார்டில் அவன் பெயரை அடிக்க வைத்து, அத்திப்பள்ளியில் சித்தப்பா வீட்டுக் கார்டில் ஏற்றிவிட்டான். அவனோடு போன நாலு பேருக்கும் அப்படித்தான்.

அத்திப்பள்ளியில் கொடி பிடித்த கூட்டம் மறித்தது. ஆஞ்சப்பன் கன்னடத்தில் பேசி, காகிதத்தை நீட்டினான். விலாசத்தைப் படித்தவன், "நம்மவரே, விடுங்க" என்று வழிவிட்டான். இன்னொருவன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தான்.

எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாவடியில் அதே காகிதம் அவனை நிறுத்தியது. பந்தோபஸ்துக்குத் தெற்கேயிருந்து வந்திருந்த போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்திப்பள்ளிக்காரனுக்கு இன்னைக்கு இங்க என்னவே சோலி?"

"சார், நான் கெலமங்கலம் பக்கங்க. பொண்டாட்டி செத்துக் கெடக்கறா."

"அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தனையும் விடக் கூடாதுன்னு ஆர்டர். இந்தப் பக்கம் இருக்கிறதுக்கு ஏதாச்சும் ஆதாரம் காட்டும். இது இன்ஸ்பெக்டர் வார வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் நின்றவனின் செல்போனை வாங்கி ராஜப்பனுக்குச் சொன்னான். சாவு வீட்டிலிருந்து ராஜப்பன் ரேஷன் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு மொபெட்டில் வந்து சேர்ந்தான். போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார்.

"குடும்பத் தலைவி சென்னம்மா. புருஷன் பேர அடிச்சிருக்கே."

"அவதாங்க செத்தது," என்றான் ராஜப்பன்.

"செத்தவ பேரு இருக்கு. நிக்கிறவன் பேரு இல்லையே. நான் என்னத்தவே செய்ய? இன்ஸ்பெக்டர் வரட்டும்."

இன்ஸ்பெக்டர் வரவில்லை. வெயில் சாய்ந்தது. ராஜப்பன் அவனைப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

"மாமா, ஏரிக்கரையோட போனா ஒரு பயலும் பாக்கமாட்டான். காலைலருந்து சனம் அப்படித்தான் போவுது. வண்டிய அங்க கொண்டாறேன், வாங்க."

"பேப்பர் அவர்கிட்ட இருக்குதே மாப்ளே."

"போனா போவுது! ஊருக்கு வந்துட்டீங்க, இனிமே அதை வச்சி நாக்கு வழிக்கவா?"

"பேப்பர் இல்லாம எப்படி மாப்ளே வர்றது? வழியில எவனாச்சும் புடிச்சிக் கேட்டா?"

"யாரு கேப்பாங்க? இது என்னா உங்க அரபு நாடா?"

ஆஞ்சப்பன் அசையவில்லை. காகிதம் கையில் இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போனவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை அவன் பார்த்திருக்கிறான். அங்கே பிழைத்ததே நகராமல் இருந்துதான். போலீஸ்காரரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பொறந்த வூட்டுக் கோடிச் சேலை நான்தான் போத்தணும் மாமா. நான் இல்லாம எடுக்கமாட்டாங்க, ரொம்ப நேரம் நிக்கவும் மாட்டாங்க," என்றான் ராஜப்பன். "வர்றீங்களா, இல்லையா?"

"நீ போ. வாங்கிட்டுப் பின்னாடியே வந்தர்றேன்."

மொபெட் போய்விட்டது. ஆஞ்சப்பன் ரோட்டோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

ஆறு மணிக்குப் பந்த் முடிந்தது. தடுப்பை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அந்தப் பக்கம் தேங்கி நின்ற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யாரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. போலீஸ்காரர் காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தாரும். சீக்கிரம் போம்."

ஒரு காய்கறி லாரி அவனை ஏற்றிக்கொண்டது. சுடுகாட்டுக்கு நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மேடு கட்டி, தண்ணீர் தெளித்திருந்தது. ராஜப்பன் மட்டும் தலைக்குக் குளித்த ஈரத்தோடு நின்றிருந்தான்.

"எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டாங்க மாமா. புருஷன் வரட்டும்னு கொஞ்சம் நின்னோம். பெரியவங்க மூடுன்னுட்டாங்க."

ஆஞ்சப்பன் குனிந்து மண்ணை அள்ளினான். ராஜப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மூடுனதுக்கு மேல போடக் கூடாது மாமா."

ஆஞ்சப்பன் விரல்களை விரித்தான். மண் அவன் காலடியிலேயே விழுந்தது. சென்னம்மாவுக்குப் புருஷன் போட வேண்டிய மூன்று பிடி மண் பாக்கி.