மறுப்புக் குறிப்பு

அன்புசெல்வியைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியைக் கூடத்து நடுவுக்கு நகர்த்தியதில் ஒயர் எட்டவில்லை. தங்கதுரை உள்ளறைக்குப் போய், மனைவியின் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கினான். மேலே திரை அணைந்தது. திங்கட்கிழமையிலிருந்து அது ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

பெட்டியில் விளக்கு எரிந்ததும் அவளுடைய அண்ணன் மயில்சாமி அவன் தோளைத் தொட்டான்.

"மாப்ள, வாசல்ல ஒருத்தரு அழுதுட்டு நிக்கறாரு. பேரு நிசாராமா. ஊரு வாணியம்பாடி. காதர்பேட்டைல உங்களுக்குத் தெரிஞ்ச பனியன் யாவாரியா?"

"இல்லீங்க மச்சான்."

"அப்பறம் யாருக்கு அழுவறாரு?"

பந்தலில் நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நீங்க யாருங்க?"

"உங்க வீட்டம்மாவும் நானும் ஒரே வேலை சார். நாலு வருசமா."

"அவ ஊட்டுல இருந்துதானுங்க வேலை பாத்தா."

"நானும் வீட்லதான் சார். பார்த்ததே இல்ல. பேரே நேத்துதான் ஆபீஸ்ல சொன்னாங்க. எனக்கு அவங்க 'பி'. அவங்களுக்கு நான் 'ஏ'."

மயில்சாமி தங்கதுரையைப் பார்த்தான். தங்கதுரைக்கும் விளங்கவில்லை. அவள் அப்பாவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் சின்ன வயதிலேயே உருது எழுதப் படிக்கக் கற்றாள், கல்லூரியில் மொழியியல் படித்தாள், இப்போது உருது வாக்கியங்களில் ஏதோ குறித்து அனுப்புகிறாள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நிசார் நிதானமாகச் சொன்னார். 'அவர் டாக்டர்' என்று தமிழில் நிறுத்திவிடலாம். உருதுவில் கடைசியில் ஒரு 'ஹை' வேண்டும். அந்த 'ஹை' இரண்டு சொற்களை ஒட்டவைக்க வந்ததா, இன்னொரு வினைக்குத் துணையாக வந்ததா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. பேசிக்கொள்ளவும் கூடாது. இருவரும் வேறு வேறாகக் குறித்திருந்தால் மட்டும், பெயர் இல்லாமல் காரணம் எழுதி மற்றவருக்குக் காட்டலாம்.

"அதுல சண்டை போடுவோம் சார். அவங்க லேசுல விட மாட்டாங்க."

"யாரு, செல்வியா?"

"'கதவு திறந்திருக்கு'ன்னு ஒரு வாக்கியம். 'ஹை' துணைக்கு வந்ததுன்னு நான் போட்டேன், மூணு மாசமா விடல சார்."

அந்த நேரத்திலும் மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளு மாறி வந்துட்டீங்க. எம் பொறந்தவ எதுத்து ஒரு வார்த்தை பேசுனவ இல்லீங்க."

தங்கதுரை சிரிக்கவில்லை. பதினோரு வருடமாக அவன் எதைக் கேட்டாலும் அவள் 'சரிங்க' என்றுதான் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் அவளுக்கு உடம்பு கொதித்தது. கம்பெனியில் அன்றைக்கு ஷிப்மென்ட். "ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாமா?" என்று கேட்டான். அதற்கும் சரிங்க என்றாள். அப்படியொன்றும் முடியாமல் இல்லை என்று நினைத்துக்கொண்டு அவன் வண்டியை எடுத்தான். செவ்வாய்க்கிழமை டெங்கு என்றார்கள். புதன்கிழமை அவள் இல்லை.

"அவ எழுதுனதைக் காட்டுங்க."

போனில் இங்கிலீஷில் இருந்தது. நிசார் தமிழாக்கிப் படித்தார்.

"'இல்லை. ஏ அவசரப்படுகிறார். கதவை இப்போது யாரும் திறக்கவில்லை. அது அந்த நிலையில் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.'"

"எப்ப எழுதுனது?"

"இதுதான் சார் கடைசி. திங்கக்கிழமை மத்தியானம், ரெண்டரை மணி."

தங்கதுரை அந்த எழுத்துகளையே பார்த்தான். ரெண்டரை மணிக்கு அவன் கம்பெனியில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

வாசலில் அமரர் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. உள்ளே பெண்களின் குரல் கூடியது. மயில்சாமி வந்து கையைப் பிடித்தான்.

"மாப்ள, எடுக்கோணும். வாங்க."

"இருங்க மச்சான்."

அவன் கையை விடுவித்துக்கொண்டு ஒரு நாற்காலியை நிசாருக்கு நகர்த்தினான். இன்னொன்றை இழுத்துப் போட்டு ஒட்டி உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு படிங்க. இல்லைன்னு ஆரம்பிக்கறது."

நிசார் போனில் விரலால் தள்ளிக்கொண்டே போனார். வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.